இஸ்திரிப்பெட்டித் தழும்பு

மூப்பர் கோட்லீப் எங்கள் கொட்டகைக்குள் வரும்போது கையில் வேதப்புத்தகம் இருக்கும், இல்லாவிட்டால் புகையிலைப் பை இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை சங்கிலியும் பூட்டும் இருந்தன.

"லுக்ரேசியா, பழைய விடுதியில பொம்பளப் புள்ளைங்க ரூம் தரையில ஒட்டியிருந்த லினோ விரிப்பைக் காணோம்" என்றார். "பாடகர் குழு வந்து தங்கணுமேன்னு நேத்துதான் கதவைத் தெறந்தோம். வெறும் சிமெண்டு பல்லை இளிக்குது. விரிப்பு மொத்தத்தையும் உரிச்சு எடுத்துட்டுப் போயிருக்கான்."

"அதுக்கு எங்க கொட்டகைக்கு எதுக்குப் பூட்டு?"

"இந்த ஊர்ல லினோவை வெச்சுப் பொழைக்கிறவங்க வேற யாரு? ஆடா வந்து தின்னுட்டுப் போச்சு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் கொட்டகை சபையின் சொத்து. கோரிக்சாஸ் போகும் சாலையோரத்தில் எங்களுக்கு வேறு கூரை கிடையாது. மலையையும் மானையும் லினோவில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் ஒற்றி, யானை பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களிடம் விற்பதுதான் எங்கள் பிழைப்பு. கதவு பூட்டினால் அடுப்பும் பூட்டும்.

"மூப்பரே, எங்க கொட்டகையில திருடன் கெடையாது. அப்படி இருந்தா, ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உங்க முன்னால நிறுத்தறேன். நிறுத்தலைன்னா உங்க பூட்டைப் போடுங்க."

"காதைப் பிடிச்சா?"

"காதைப் பிடிச்சுத்தான்."

அவர் சங்கிலியை எங்கள் மேசைமேலேயே வைத்துவிட்டுப் போனார். ஞாபகத்துக்கு இருக்கட்டுமாம்!

சந்தேகம் என் கூடவே பிறந்தது, ஒளிப்பானேன். கடைக்காரன் தராசைப் பார்ப்பேன், பால்காரி செம்பை மோந்து பார்ப்பேன், போதகர் நீளமாக ஜெபித்தால் என்னத்தை மறைக்கிறாரோ என்று யோசிப்பேன். என் புருஷன் பெத்துவேல் ஒருவனை மட்டும் நான் சந்தேகப்பட்டதில்லை. கழுதை வண்டி ஓட்டுகிறவன் அவன். கழுதையே அவனைவிடச் சுறுசுறுப்பு. தப்பு செய்யவும் கொஞ்சம் உழைப்பு வேண்டுமே, அது அவனிடம் ஏது என்பது என் எண்ணம்.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். நான், என் சித்தி மகள் ஃபிரான்சினா, போன மழைக்குப் பிறகு வந்து சேர்ந்த சகாரியாஸ். மூன்றில் இரண்டைக் கழித்தால் மிச்சம் யார்? அன்றைக்கே எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஆதாரம்தான் வேண்டியிருந்தது.

சகாரியாஸ் செஸ்ஃபோன்டைன் பக்கத்து ஆள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கேட்டால் பேசுவான், கேட்காவிட்டால் நாளெல்லாம் வாயே திறக்கமாட்டான். அது ஒன்று போதாதா? நேர்மையான மனுஷன் எதையாவது உளறிக்கொண்டே இருப்பான், பெத்துவேல் மாதிரி. இவனோ குனிந்து செதுக்குவான், கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவான், நான் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொள்வான்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். இப்போது கடையில் லினோ என்று கொடுக்கிறார்களே, அது வெறும் பிளாஸ்டிக். உளி வழுக்கி விரலில் இறங்கும். பழைய காலத்துத் தரை லினோ அப்படியில்லை. எண்ணெயும் தக்கைத்தூளும் சேர்ந்தது. கொஞ்சநேரம் வெயிலில் வைத்தெடுத்தால் வெண்ணெயாகச் செதுக்கலாம். அது கிடைப்பது குதிரைக்கொம்பு. நானே போன வருஷம் லினோ இல்லாமல் மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பெத்துவேலின் சிநேகிதன் ஒருவன் வால்விஸ் பே துறைமுகத்தில் கப்பலிலிருந்து கழித்துப்போட்டதை ஒரு பெரிய சுருளாகக் கொடுத்தனுப்பினான். ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தை அப்படியே கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். யானைக்கூட்டம் ஆற்றைக் கடக்கிற ஒரு பெரிய படத்துக்காக.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற ஆளுக்கு முதல் வருஷம் முழு விரிப்பு கிடையாது. நாங்கள் வெட்டிய மிச்சத்தை ஒரு மரப்பெட்டியில் போடுவோம். அதிலிருந்து எடுத்துத்தான் அவன் வேலை செய்யவேண்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஃபிரான்சினாவும் அப்படித்தான்.

வியாழக்கிழமை சகாரியாஸ் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில், கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவனுடைய புதுப்படத்தைப் பார்த்தேன். வறண்ட ஆற்றுப் படுகையில் ஒற்றை ஓரிக்ஸ் மான் நிற்கிறது. கொம்பு இரண்டும் ஈட்டியாக நிமிர்ந்திருக்கின்றன. பின்னால் கறுத்த மலை. மலைச்சரிவில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். மேலே நிலா, நிலாவைச் சுற்றி வளையம். நல்ல படம்தான், பொய் சொல்லமாட்டேன். வயிற்றெரிச்சலாகக்கூட இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். எனக்கு மூக்கு வியர்த்தது.

உளியால் செதுக்கிய வெள்ளைக்கு ஓரம் கூர்மையாக இருக்கும். கத்தி போன தடம் தெரியும். அந்த வளையத்துக்கும் மலைச்சரிவின் வெளிச்சத்துக்கும் அப்படி ஓரமே இல்லை. மூடுபனியாகக் கரைந்திருந்தன. அங்கே யாரும் செதுக்கவில்லை. லினோ அங்கே ஏற்கெனவே பள்ளமாக இருந்திருக்கிறது. பள்ளத்தில் மை ஒட்டாது, காகிதத்தில் வெள்ளையாக விழும்.

அந்தப் பள்ளம் எனக்குத் தெரியாதா? அந்த விடுதியில் படித்தவள் நான். கட்டில்களெல்லாம் இரும்புக் குழாய்க் கால். ரப்பர் மூடி எப்போதோ கழன்றுபோய், குழாயின் வாய் தரையைக் கடித்துக் கடித்து வளையம் வளையமாகப் பதிந்திருக்கும். மலைச்சரிவின் வெளிச்சம்? அது என் கூடப் படித்த ஹென்ரினா தவறவிட்ட கரி இஸ்திரிப்பெட்டியின் மூக்கு! ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன் என்று சூட்டோடு தரையில் போட்டாள். படகு மாதிரி ஒரு தழும்பு. அதற்காக நாங்கள் எல்லோரும் முட்டி போட்டோம். அந்தத் தழும்பை நான் மறப்பேனா?

இவன் கையில் இருந்தது தழும்பின் முன்பாதி. பின்பாதி எங்கே? அது அகப்பட்டால் ஆள் கையும் களவுமாக மாட்டினான்.

சகாரியாஸ் தண்ணீர்க் குடத்தோடு வந்தான். நான் படத்தின் கீழேயே நின்றேன்.

"சகாரியாஸ், இந்த லினோ உனக்கு எங்கேர்ந்து கிடைச்சது?"

அவன் குடத்தை இறக்கவில்லை. என்னையே பார்த்தான். அவ்வளவு நேரம் அவன் என்னைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

என்ன திமிர்! "தெரிஞ்சா உன்கிட்ட எதுக்குக் கேக்கறேன்? வாயில என்ன, களி அடைச்சிருக்கா? சொல்லு."

"மிச்சப் பெட்டியிலதான்."

"அந்தப் பெட்டியில இருக்கறது எங்களோடது. எங்களோடது சுத்தமான சரக்கு."

அவன் குடத்தை இறக்கிவைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான்.

ஃபிரான்சினா மை உருளையைத் துடைத்துக்கொண்டே முணுமுணுத்தாள். "அக்கா, பாவம்க்கா அவன். விட்டா நீ உன் நிழலையே நிக்கவெச்சு விசாரிப்ப."

"நீ சும்மா இரு. நிழலாவது பின்னாலயே வருது. இவன் எங்கே போறான், எங்கே வர்றான், உனக்குத் தெரியுமா?"

வெள்ளிக்கிழமை அவன் ஆட்டுக்கறி வாங்கப் போனபோது அவன் கருவிப் பெட்டியைக் குடைந்தேன். உளிகள், ஒரு கரண்டி, சோப்பு, அம்மாவின் போட்டோ. அவன் தங்கியிருந்த தகரவீட்டுக்குப் போய் வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கிற சாக்கில் கட்டிலுக்கடியில் எட்டிப்பார்த்தேன். ஒரு ஜோடி செருப்பு. அவ்வளவுதான். ஆற்றில் புதைத்திருப்பான், திருடன் வீட்டிலா வைப்பான் என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றும் அகப்படாதது எனக்கு இன்னொரு ஆதாரமாகவே தோன்றியது.

முன்பாதியே போதும் என்று முடிவு செய்தேன். மூப்பரும் அந்த விடுதியைப் பார்த்தவர்தான். ஞாயிற்றுக்கிழமை படத்தைத் தூக்கிக் காட்டி, தழும்பை அடையாளம் சொல்லி, சகாரியாஸின் காதைப் பிடித்து நிறுத்தினால் கொட்டகை பிழைத்தது. அவன் போகட்டும், செஸ்ஃபோன்டைனுக்குச் சாலை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் மனசு அப்படி லேசாக இருந்தது. பொரித்த மாவு உருண்டையும் கறுப்புத் தேநீருமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். இந்தச் சந்தோஷத்தில் யானைப் படத்தைத் தொடங்கிவிடலாம் என்று கட்டிலுக்கடியிலிருந்து என் சுருளை இழுத்தேன்.

முற்றத்தில் வெயிலில் விரித்தேன். சூடேறியது. செதுக்குவதற்கு முன்னால் விரிப்பு முழுக்க மெல்லிசாகக் கறுப்பு மை உருட்டிவிடுவது எங்கள் பழக்கம். அப்போதுதான் உளி போன இடம் கண்ணுக்குத் தெரியும். உருளையை ஓட்டினேன். ஒரு ஓட்டம், இரண்டு ஓட்டம். விரிப்பு கறுத்துக்கொண்டே வந்தது.

நடுவில் ஒரு வளையம் கறுக்கவில்லை.

தூசியாக இருக்கும் என்று விரலால் தேய்த்தேன். போகவில்லை. மறுபடி உருட்டினேன். பக்கத்தில் இன்னொரு வளையம். ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போனேன். வெட்டிய விளிம்பை ஒட்டி, மூக்கில்லாத படகு ஒன்று கறுப்பில் மெல்ல மெல்லத் தெரிந்தது.

அடக் கடவுளே!

வீட்டுக்குள் ஓடி சகாரியாஸின் படத்தை எடுத்துவந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கென்று கொடியிலிருந்து எடுத்து வைத்திருந்தேனே, அதுதான். ஒற்றினால் இடம் வலமாகும் என்பதால் காகிதத்தைத் திருப்பி, வெயிலுக்குப் பிடித்து, விளிம்போடு விளிம்பு வைத்தேன். மூக்கு வந்து படகில் ஒட்டிக்கொண்டது. ஒரு மயிரிழைகூட விலகவில்லை.

அப்படியே முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆடு ஒன்று வந்து மையை மிதித்துவிட்டுப் போனது. விரட்டத் தோன்றவில்லை.

பெத்துவேல் வண்டியை அவிழ்த்துவிட்டு விசிலடித்தபடி வந்தான். விரிப்பைப் பார்த்தான். விசில் நின்றது.

"வால்விஸ் பே!" என்றேன். "கப்பல்! சிநேகிதன்!"

"லுக்ரேசியா, கொஞ்சம் மெதுவா..."

"எப்போ எடுத்த?"

"விடுதி கட்டிலையெல்லாம் வண்டியில ஏத்தச் சொல்லி சாவியக் குடுத்தாங்கல்ல, அப்போ." தலையைச் சொறிந்தான். "அங்க எவனும் நடக்கறதில்ல. எலிதான் ஓடிட்டிருந்துச்சு. நீ இங்க மூலையில உக்காந்து, சோறு தண்ணி இல்லாம, சுவரையே பாத்துக்கிட்டு இருந்த. எனக்குப் பாக்க முடியல. தேய்ச்சுத் தேய்ச்சு கரிக்கறையெல்லாம் எடுத்தேன். என் ஆயுசுல நான் அவ்வளவு வேர்த்ததே இல்ல."

பன்னிரண்டு கெட்ட வார்த்தை நாக்கில் வந்து நின்றது. அழுகையும் கூடவே வந்தது. சோம்பேறி, சோம்பேறி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரே ஒருமுறை எனக்காக உடம்பை வளைத்திருக்கிறான், அதையும் இப்படியா வளைக்கவேண்டும்!

அவன் என் பக்கத்தில் குந்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"கேளு. அந்தத் தழும்பு மேல உளியை வெச்சு ஓட்டினா முடிஞ்சது. அங்க ஒரு யானை வந்துடும். எவனுக்குத் தெரியும்? சகாரியாஸ் வெளியூர்க்காரன். நாளைக்குப் போய்டுவான். கொட்டகையும் நிக்கும், நாமளும் நிப்போம்."

உண்மைதான். பத்து நிமிஷ வேலை. உளி என் மடியிலேயே இருந்தது. லினோ இளஞ்சூட்டில் கிடந்தது, வைத்தால் போதும், தானாகப் போகும். மூப்பரிடம் நான் பேசினால் ஊர் நம்பும். சகாரியாஸ் பேசவே மாட்டான்.

உளியைக் கையில் எடுத்தேன். எடுத்தேன் என்பது நிஜம். தழும்பின் ஓரத்தில் முனையை வைத்தும் பார்த்தேன். அப்போதுதான் "உங்களுக்குத் தெரியாதாக்கா?" என்று அவன் குடத்தோடு நின்று கேட்டது காதில் விழுந்தது. அது திமிர் இல்லை. அந்தத் துண்டை நான் பெட்டியில் போட்டதை அவன் பார்த்திருக்கிறான். திருடியவளே வந்து, எங்கே திருடினாய் என்று தன்னைக் கேட்கிறாள் என்றல்லவா அவன் நினைத்திருப்பான்!

உளியைத் தூக்கி எறிந்தேன். அது கழுதைத் தொட்டியில் போய் விழுந்தது.

"நாளைக்கு நல்ல சட்டையாப் போட்டுக்க. வண்டியில இந்தச் சுருளையும் ஏத்து" என்றேன் பெத்துவேலிடம்.

"எதுக்கு?"

"காதையும் கழுவிக்க."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஜனம் வேப்பமர நிழலில் நின்றது. மூப்பர் கோட்லீப் தொண்டையைச் செருமினார். சகாரியாஸ் கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். கருவிப் பெட்டியைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தோளில் மாட்டியிருந்தான். போகத் தயாராகவே வந்திருந்தான்.

நான் விரிப்பைக் கோயில் படிக்கட்டில் போட்டேன். மை உருட்டினேன். காகிதத்தைப் பரப்பிக் கரண்டியின் முதுகால் தேய்த்தேன். "என்னடி இது, இங்கேயே கடை விரிக்கிற?" என்று யாரோ சிரித்தார்கள். காகிதத்தை உரித்துத் தூக்கிக் காட்டினேன். கறுப்பில் வெள்ளை வளையங்கள், ஒரு கட்டில் நின்ற இடம், அடுத்த கட்டில் நின்ற இடம். ஓரத்தில் பாதிப் படகு. சகாரியாஸின் ஓரிக்ஸ் படத்தைப் பக்கத்தில் பிடித்தேன்.

"ஹென்ரினாவோட இஸ்திரிப்பெட்டி!" என்று கூட்டத்தில் ஒருத்தி கூவினாள். அவளும் அன்றைக்கு முட்டி போட்டவள்தான்.

"இந்தப் பாதி சகாரியாஸ் கிட்ட இருந்தது. பெட்டியில போட்டது நான்" என்றேன். "இந்தப் பாதி என் கட்டிலுக்கடியில இருந்தது. கொண்டுவந்தது இவன்."

சொன்ன சொல் சொன்னதுதான். பெத்துவேலின் காதைப் பிடித்தேன். மூப்பர் முன்னால் இழுத்துவந்து நிறுத்தினேன். "ஆ, ஆ, லுக்ரேசியா, மெதுவா" என்றான். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

மூப்பர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். சங்கிலி அவர் கையில் இல்லை, எங்கள் மேசையில் கிடந்தது. அதனால்தானோ என்னவோ, பூட்டைப் பற்றிப் பேசவில்லை. விரிப்பு விடுதிக்குத் திரும்பவேண்டும், வெட்டிப்போன ஓரத்துச் சிமெண்டைப் பெத்துவேல் சிவப்பு மெழுகு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கவேண்டும், பாடகர் குழு வருவதற்குள். அவ்வளவுதான் தீர்ப்பு. என் யானைக்கூட்டம் வரவேண்டிய இடத்தில் இன்றைக்கும் விடுதித் தரை கறுப்பாக இருக்கிறது. அந்த மை போகவே இல்லை. பாடகர்கள் காலையில் எழுந்து உள்ளங்காலைப் பார்த்துத் திட்டினார்களாம்.

கூட்டம் கலைந்ததும் சகாரியாஸிடம் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

அவனே பேசினான். "நான் நீங்கதான் எடுத்தீங்கன்னு நெனச்சேன்க்கா. என் தலையில கட்டத்தான் பெட்டியில போட்டீங்கன்னு நெனச்சேன்."

"அப்போ ஏன்டா வாயத் தெறக்கல?"

"யார் நம்புவா? நீங்க நம்புவீங்களா?"

நம்பியிருக்கமாட்டேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் தோளிலிருந்த மூட்டையை ஃபிரான்சினா பிடுங்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் நடந்தாள். அதனால் அவனும் பின்னால் போனான். இல்லாவிட்டால் போயேயிருப்பான்.

திங்கட்கிழமை கொட்டகைக்கு வந்தேன். என்னிடம் செதுக்க ஒன்றுமில்லை. தன்னிடமிருந்த விரிப்பில் சரிபாதியை ஃபிரான்சினா சகாரியாஸுக்குக் கொடுத்திருந்தாள். அவன் அதில் பாறைமேல் நிற்கும் வரிக்குதிரைகளை வரைந்துகொண்டிருந்தான்.

"வழக்கம் வழக்கம்தான்க்கா" என்றாள் ஃபிரான்சினா, என்னைப் பார்க்காமலே. "விரிப்பு இல்லாதவங்களுக்கு மிச்சப் பெட்டி."

பெட்டி காலியாக இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சகாரியாஸ் தன் விரிப்பின் ஓரத்தை வெட்டினான். பெட்டியில் போடாமல் எழுந்துவந்து என் கையில் கொடுத்தான்.

வாங்கினேன். வாங்கிய கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. துண்டைத் திருப்பியது. வெயிலுக்குச் சாய்த்துப் பள்ளம் தேடியது. மோந்துகூடப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது.

"கேளுங்கக்கா" என்றான் அவன். "எங்கேர்ந்து கிடைச்சதுன்னு கேளுங்க."

சிரித்தானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நான் கேட்காமல் போய் என் இடத்தில் உட்கார்ந்து, உளியைத் துடைத்தேன்.